கடலுணவு ஒவ்வாமை

மீன், இறால், நண்டு, கணவாய் போன்றவற்றிலுள்ள புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு பகையாக எடுத்துக்கொள்வதால் உண்டாவது கடலுணவு ஒவ்வாமை. புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தின் தலவில போன்ற கரையூர்களில் மீன் இல்லாத சாப்பாடு அரிது. அங்கே மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடக்கும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருவோர் கூடாரமடித்துச் சமைப்பதும், திரும்பும்போது கருவாடு வாங்கிப்போவதும் வழக்கம். ஆகவே இங்கு ஒவ்வாமையைச் சரியாக இனங்காண்பது சாப்பாட்டையும் பிழைப்பையும் தொடும் விஷயம்.

“மீன் ஒத்துக்கொள்ளேல்லை” என்று சொல்லப்படுவதெல்லாம் ஒவ்வாமை ஆகாது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீனின் நிறமும் மணமும் மாறாமலே இருக்கலாம். பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும். மீனே மிளகுபோல உறைத்ததாகச் சிலர் சொல்வர். கோடெக்ஸ் உணவுத் தரநிலை இத்தகைய மீனில் அனுமதிக்கும் ஹிஸ்டமின் அளவு, பாதுகாப்பு நோக்கில், கிலோவுக்கு 200 மில்லிகிராம்.

இதைப் பிரித்தறியும் முதற்கருவி விசாரணைதான். அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா? அந்த வகை மீனை முன்பு சுகமாகச் சாப்பிட்டவரா? பலருக்கு ஒன்றாக வந்திருந்தால் சந்தேகம் மீனின் மேல் விழவேண்டும். இதைக் கேட்காமல் துண்டில் ‘மீன் அலர்ஜி’ என்று எழுதிவிட்டால், மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று காரணமில்லாமல் காலமெல்லாம் சூரையை ஒதுக்கும்.

இறால் ஒவ்வாமையின் வேர் வேறு. அதன் முதன்மைக் காரணி ட்ரோப்போமயோசின் என்ற தசைப்புரதம் என்பதை 1993இல் வெளியான ஆய்வு நிறுவியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சுப்பா ராவும் அமெரிக்காவின் டீன் மெட்காஃபும் அதில் பங்குகொண்டனர். அவர்கள் எடுத்தது புத்தளம் களப்பிலும் கிடைக்கும் வெள்ளை இறாலை. வேகவைத்தாலும் இந்தப் புரதம் சிதையாது. இறால் அவித்த தண்ணீரிலும் இறங்கியிருக்கும். நண்டிலும் சிங்க இறாலிலும் இதற்கு நெருங்கிய புரதமே உண்டு. மீனில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பார்வால்புமின். ஆகவே இறால் ஆகாதவர் மீனையும் விடவேண்டும் என்பது பொதுவாகத் தேவையற்ற கட்டுப்பாடு. அயோடின் இதற்குக் காரணம் என்ற நம்பிக்கையும் பிழை.

தோல் குத்துச் சோதனையில் 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிப்பு எழும்பினால் உடல் அந்த உணவுக்குக் கூருணர்வு கொண்டுள்ளது என்று பொருள். சாப்பிட்டால் கட்டாயம் நோய் வரும் என்று அதை வைத்து மட்டும் தீர்ப்பளிக்க முடியாது. இரத்தத்தில் அந்த உணவுக்கென்று குறித்த ஐஜிஈ (IgE) எதிர்ப்பொருளின் அளவும் அப்படித்தான். ஐயம் தீர, மருத்துவர் கண்முன்னே சிறிது சிறிதாக உண்ணக்கொடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. அதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. ஐஜிஜி (IgG) என்ற வேறோர் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டி நீண்ட விலக்குப் பட்டியல் தரும் விலைகூடிய சோதனைகளுக்குச் செலவழிப்பது வீண். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு இலங்கையில் ஒவ்வாமைச் சோதனை நடத்தும் இடங்களில் ஒன்று.

ஒவ்வாமை உறுதியானால் விலக்குவதே அடிப்படை. சிக்கல், கண்ணுக்குத் தெரியாத இடங்களில். சீனிச் சம்பலில் மாசி, சுண்டலில் கூனி, பருப்பு வடை பொரியும் எண்ணெயில் சற்று முன் பொரிந்த இறால் வடை. இறால் ஆகாதவர் திருவிழாக் கடையில் வடையை மட்டுமல்ல, தாச்சியையும் விசாரிக்கவேண்டும். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர மறையும்; மீனும் இறாலும் அப்படி எளிதில் விடுவதில்லை.

மூச்சிரைப்பு, குரல் அடைப்பு, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று வந்தால் அது அனஃபைலாக்சிஸ். முதல் மருந்து அட்ரினலின்: 1:1000 கரைசல், தொடையின் வெளிப்புறத் தசையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், வளர்ந்தவருக்கு உச்சம் 0.5 மில்லிகிராம். குறையாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை தடிப்பையும் கடியையும் ஆற்றும், மூச்சுக்குழாயைக் காப்பாற்றாது. நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. இலங்கையில் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அறிகுறி தணிந்தபின்னும் சில மணித்தியாலம் மருத்துவமனையில் வைத்திருப்பது, அடங்கியது திரும்பவும் கிளம்பக்கூடும் என்பதால்.