முதல் உல்லாசக் கப்பல் பயணம்: டிக்கெட்டுக்கு முன் ஆவணங்களைப் பாருங்கள்

கோத்தா கோலா மூடா – பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்துத் தாமான்களிலும் இப்போது அடிக்கடி எழும் பேச்சு உல்லாசக் கப்பல் பயணம். தங்குமிடம், சாப்பாடு, கேளிக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாகப் போய்வரலாம். மூடா ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த் வழியாகப் போனால், கப்பல்கள் அணையும் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் முதல் முறை போகும் குடும்பங்கள் விலையையும் அறையையும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, ஆவணங்களைக் கடைசியில்தான் தேடுகின்றன. கப்பல் பயணத்தில் இதுதான் பெரிய தவறு. ஒருவருடைய ஆவணம் சரியில்லை என்றால், துறைமுக முகப்பிலேயே அவர் நிறுத்தப்படுவார். கப்பல் காத்திருக்காது. அந்த நேரத்தில் கட்டிய பணம் திரும்பக் கிடைப்பதும் அரிது. அப்படி நிறுத்தப்படக்கூடியவர் பெரும்பாலும் வீட்டில் மூத்தவராகவோ மிக இளையவராகவோ இருப்பார்.

கப்பல் நமக்குப் புதிதல்ல

இன்றைய பெரியவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கெடா தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த வழியில் ஓடியது. அதன் பின்னர் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் காலம் முடிந்தது.

மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்கு அது உல்லாசமல்ல. வந்து இறங்கியவர்களில் பலர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். அன்று கையிலிருந்த காகிதத்தைப் பத்திரமாக வைக்காதவர்களும், பிள்ளைகளின் பிறப்பைப் பதியாதவர்களும் இருந்தனர். அதன் விளைவைச் சில குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. உல்லாசப் பயணத்துக்குத் தயாராகும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

அட்டையின் நிறம் முதல் கேள்வி

பயணப் பேச்சு தொடங்கிய அன்றே, போகவிருக்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். நீல அட்டை குடிமக்களுக்கு உரியது. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படும். தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, அங்கேயே முதுமை அடைந்த பாட்டியின் கையில் சிவப்பு அட்டை இருந்தால், அவருக்குச் சாதாரண வழியில் கடப்பிதழ் கிடைக்காது.

அதற்காக அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே குடிநுழைவுத் துறையை நேரில் அணுகி, நிரந்தரவாசிக்கு உரிய பயண ஆவணம் பற்றிக் கேட்க வேண்டும். அந்த ஆவணத்தைக் கப்பல் நிறுவனமும், கப்பல் செல்லும் நாடுகளும் ஏற்குமா, விசா வேண்டுமா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் தேசியப் பதிவுத் துறையின் வேலை. அது தனியாக நடக்கும், காலமும் பிடிக்கும். பயணத் தேதியை நம்பி அதைத் தொடங்கக்கூடாது. பயணம் இல்லாவிட்டாலும் அதைத் தொடங்குவது நல்லது.

பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதில் குடிமகன் என்று குறிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கவனிக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு திருமணப் பதிவை மறந்த தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயம். தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணமும் பதியப்படாமல் இருந்தால், பிள்ளையின் குடியுரிமையில் சிக்கல் வரும்.

கடப்பிதழில் கவனிக்க வேண்டியவை

ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 ரிங்கிட். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 100 ரிங்கிட். மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. இவ்வட்டார மக்கள் சுங்கைப் பட்டாணி குடிநுழைவு அலுவலகத்தை நாடலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ போக வேண்டும். விடுமுறைக்கு முந்திய வாரங்களில் கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே போவது நலம்.

ஏற்கனவே கடப்பிதழ் இருப்போர் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது கப்பல் நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. வேறு நாட்டில் இறங்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்துக்கும் பொதுவாகக் கடப்பிதழ் கேட்கப்படும்.

பெயர் இன்னொரு சங்கதி. நம் பெயர்களுக்கு நடுவே வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற குறியைப் பல முன்பதிவு முறைகள் ஏற்பதில்லை. அதைச் சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் சேர்த்து எழுதிவிடுவார்கள். கடப்பிதழில் உள்ள பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று நிறுவனத்திடமே கேட்டு, எல்லாருக்கும் ஒரே முறையில் பதிய வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்து முன்பதிவு செய்யக்கூடாது.

தாத்தா பாட்டி மட்டும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதானால், பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புப் பத்திர நகலும் தேவைப்படும். வருமான வரி பாக்கி உள்ளவர்களும் திவாலானவர்களும் வெளிநாடு போகத் தடை இருக்கலாம். குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து இதை முன்பே சரிபார்க்கலாம்.

எங்கிருந்து ஏறுவது?

பினாங்குக்குக் கப்பல் வருவதால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, பூக்கெட் என்று சுற்றும் கப்பல்கள் பல உண்டு. அவற்றுக்குப் பினாங்கு பெரும்பாலும் இறங்கிப் பார்க்கும் இடம் மட்டுமே. பயணிகள் ஏறும் துறை சிங்கப்பூராகவோ கிள்ளான் துறைமுகமாகவோ இருக்கலாம். கப்பல்களின் அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறும். 'இந்தப் பயணத்தில் நாங்கள் ஏறும் துறை எது?' என்பதே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சிங்கப்பூரில் ஏறுவதானால், முதல் நாளே அங்கு போய்ச் சேர்வது நல்லது. ஜோகூர் பாலத்து நெரிசலை நம்பி அன்று காலையில் போவது ஆபத்து. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி இறங்கும்போதும் அது மறுபடி தேவைப்படும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதேபோன்ற மின்னியல் அட்டையைக் கேட்கிறது. இரண்டும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையத்தளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல.

உண்மையான செலவு

விளம்பர விலை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம். அதன்மேல் துறைமுக வரியும், ஓர் இரவுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்ற சேவைக் கட்டணமும் சேரும். மதுபானம், சில உணவகங்கள், இணையச் சேவை, கரைச் சுற்றுலா ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். அறைச் சாவி அட்டையைக் காட்டி வாங்குவதெல்லாம் கணக்கில் ஏறி, இறங்கும்போது மொத்தமாக வரும். பிள்ளைகளின் அட்டைக்குச் செலவு வரம்பு வைக்கச் சொல்லலாம். பல கப்பல்களில் சூதாட்டக் கூடமும் உண்டு. அதை மகிழ்ச்சிச் செலவில் சேர்க்காமல் ஒதுங்குவதே குடும்பத்துக்கு நல்லது.

கைப்பேசியைக் கப்பல் ஏறியவுடன் விமான நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் தொடர்பு வலையை அது தானே பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் மிக அதிகம்.

சுற்றுலா நிறுவனத்துக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். புலனக் குழுவில் வரும் மலிவு விலையை நம்பி, தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடக்கூடாது. உரிம எண்ணைச் சரிபார்த்து, ரசீது வாங்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

அன்றாட மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். இனிப்பு நீர், இரத்த அழுத்த மருந்துகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். ஆகவே பயணக் காப்புறுதி அவசியம். பெரும்பாலான கப்பல்கள் 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளையும் 6 மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்பதில்லை.

தீ ஆபத்து கருதி சூடம், ஊதுவத்தி, மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, சுடுநீர்க் கேத்தல், சோற்றுப் பானை ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. திருநீறும் சிறிய சாமி படமும் போதும். வெற்றிலை போடும் பெரியவர்கள் புகையிலையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. 'வேப்' கருவிக்குச் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை.

சைவம் சாப்பிடுவோரும் மாட்டிறைச்சி தவிர்ப்போரும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து செல்லும் கப்பல்கள் சிலவற்றில் இந்திய சைவ உணவு தனியாகவே உண்டு. பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கப்பலில் பரவும் நோரோ கிருமிக்குக் கிருமிநாசினித் திரவத்தைவிடச் சோப்பே நல்லது.

கடல் பயம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட ஊர் இது. இங்குள்ள மூத்தோர் கடல் என்றதும் தயங்குவது இயல்பு. ஆழிப்பேரலை ஆழமான நடுக்கடலில் மிகத் தாழ்ந்த அலையாகக் கடந்துவிடும், கரையை நெருங்கும்போதுதான் உயரும் என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகளும் உண்டு. தலைசுற்றல் வருவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்கலாம். மாத்திரையை வாந்தி வந்த பிறகல்ல, முன்பே போட வேண்டும்.

கப்பல் ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடக்கூடாது. 2012இல் இத்தாலியில் 'கோஸ்தா கொன்கோர்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அதில் அன்றே ஏறிய பயணிகள் பலர் இன்னும் பயிற்சி பெறாதிருந்தனர். அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்துவது அனைத்துலக விதியானது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், தங்களுக்குரிய கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு நடந்தே காட்டிவிட வேண்டும்.

கரையில் இறங்கினால் திரும்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக மாறிவிடும், ஆனால் கப்பல் கப்பலின் நேரப்படியே புறப்படும்.

சுருக்கமாக

ஆறு மாதம் முன்: எல்லாருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ் ஆகியவற்றைப் பார்க்கவும். சிக்கல் இருந்தால் குடிநுழைவுத் துறையை அணுகவும்.

மூன்று மாதம் முன்: உரிமம் பெற்ற நிறுவனத்தில், ஏறும் துறையை உறுதி செய்து முன்பதிவு செய்யவும். காப்புறுதி எடுக்கவும்.

ஒரு மாதம் முன்: மருத்துவரைப் பார்க்கவும். உணவுத் தேவை, சக்கர நாற்காலி பற்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும். பயணத் தடை உண்டா எனப் பார்க்கவும்.

மூன்று நாள் முன்: வருகை அட்டைகளை நிரப்பவும். ஆவண நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்கவும்.

புறப்படும் நாள்: கடப்பிதழ், மருந்து, பணம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

முதல் பட்டியலில் உள்ள ஆவண வேலைக்குப் பணச் செலவு குறைவு, பொறுமைதான் தேவை. கப்பல் பயணம் தள்ளிப்போனாலும் அந்த வேலை வீண்போகாது. மருத்துவமனையிலும் பள்ளியிலும் உதவித்தொகை முகப்பிலும் கேட்கப்படுவது அதே ஆவணங்கள்தான்.