டர்போ பொறிகளில் கேஸ்கெட் கசிவு

கேஸ்கெட் கசிவு என்பது உள் எரி பொறியின் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே வைக்கப்படும் அடைப்புத் தகடு (கேஸ்கெட்) பழுதுற்று, காற்றோ புகையோ ஒழுகுவதாகும். டர்போ பொறிகளில் இதன் இடத்தைக் கண்டறிவது கடினம். எடுத்துக்காட்டாக, சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் மகிழுந்தின் தொடக்ககால ஒற்றை டர்போ பொறிகளில் புகைக்குழாய்கள் பொறியின் அடியில் ஓடி, பின்புறம் மேலேறி டர்போவை அடைகின்றன. இணைப்புகள் பல கண்ணுக்கும் கைக்கும் எட்டாதவை.

புகைவழிக் கசிவு

டர்போவுக்கு முன் புகை கசிந்தால் மிகை அழுத்தம் தாமதமாகவே உருவாகும். குளிர்ந்த பொறியில் கேட்கும் 'டிக் டிக்' ஒலி, சூடேறி உலோகம் விரிந்ததும் மறைந்துவிடலாம். எனவே சூடான வண்டியை மட்டும் சோதித்தல் போதாது. இணைப்பருகே கரிப்படிவு நல்ல தடயம். கார்பன் மோனாக்சைடு பயணிகள் அறைக்குள் புகக்கூடுமாதலால் இதனைத் தள்ளிப்போடலாகாது. மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிட்டுத் தேடுவதும் உயிருக்கு ஆபத்தானது.

காற்றுவழிக் கசிவு

காற்றளவு உணரி உள்ள பொறியில், உள்ளிழு குழாய்த்தொகுதியின் கேஸ்கெட் பழுதுற்றால் அறிகுறிகள் முரண்படும். பளுவின்றி ஓடுகையில் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். முடுக்கும்போது, அளந்த காற்று அதே துளைவழி வெளியேறி எரிபொருள் மிகும், கரும்புகை வரலாம். இதனால் நல்ல உணரிகளை வீணாக மாற்றுவதுண்டு.

சோதனை

பொறியை நிறுத்தி, உணரிக்கு அடுத்த குழாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்துவர். எட்டும் இடங்களில் காற்றழுத்தமும் சோப்பு நீருமே போதும். சிலர் தெளிக்கும் கார்புரேட்டர் சுத்திகரிப்பு நீர்மம், சூடான டர்போ அருகே தீப்பற்றக்கூடியது. எண்ணெய் மூடியருகே கேட்கும் மெல்லிய சீறல் பெரும்பாலும் கசிவன்று; உருளைகளைக் கடந்த காற்றே அது.