பாதிக் கதை எழுதிய வணிகர்

1641ஆம் ஆண்டில், ஆக்ரா நகரில், 55 வயதான ஜைன வணிகர் ஒருவர் தம் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதி முடித்தார். மனிதனின் முழு ஆயுள் 110 ஆண்டு என்று கொண்டு, தாம் கடந்து வந்தது அதில் பாதியே என்பதால், நூலுக்கு ‘அர்த்தகதானக்’ என்று பெயரிட்டார். பாதிக் கதை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 675 செய்யுட்கள் கொண்ட அந்நூலை இந்திய மொழிகளில் எழுந்த தொன்மையான தன்வரலாறுகளுள் முதன்மையானதாக அறிஞர்கள் மதிக்கின்றனர். அதை இயற்றியவர் பனாரசிதாசர்.

வணிகர்களைப் பற்றிய பழைய சான்றுகள் பெரும்பாலும் அவர்கள் எழுப்பிய ஆலயங்களையும், விட்ட நிவந்தங்களையும், அளித்த தானங்களையும் மட்டுமே கூறும். வாங்குவோர் வராத நாளில் கடைக்கு உடையவனின் நெஞ்சம் பட்ட பாட்டைக் கல்லில் வெட்டி வைப்பார் இல்லை. முதல் அழிந்தவன் வீட்டு வாசலில் நின்று உள்ளே செல்லக் கூசிய கணத்தைப் பட்டயம் பேசாது. பனாரசிதாசர் எழுதி வைத்தது அதைத்தான்.

அவர் 1586ஆம் ஆண்டு ஜௌன்பூரில் ஸ்ரீமால் குலத்தில் பிறந்தார். தந்தை கரக்சேனர் மணி வணிகர். குழந்தைக்கு முதலில் இட்ட பெயர் விக்ரமாஜித். பெற்றோர் பார்சுவநாத தீர்த்தங்கரரின் பிறப்பிடமாகிய பனாரசுக்கு யாத்திரை சென்றபோது, அத்தலத்தின் பெயரே குழந்தைக்கு வழங்கலாயிற்று. குடும்பம் சுவேதாம்பரப் பிரிவைச் சார்ந்தது. பிற்காலத்தில் அவரை ஆட்கொண்டவையோ திகம்பர ஆசாரியர்களின் நூல்கள்.

அச்சம் என்பது அக்கால வணிகனின் உடன்பிறப்பு. பனாரசிதாசர் சிறுவராய் இருந்தபோது, ஜௌன்பூரின் ஆளுநர் கிலிச் கான் நகரத்து மணி வணிகர்களிடம் பெருமணி ஒன்றைக் கேட்டார். இல்லை என்றவர்களைச் சிறையிலிட்டுச் சவுக்கால் அடித்தார். விடுபட்டவர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார்கள். கரக்சேனரும் மழையில் நனைந்தபடி மனைவி மக்களுடன் வெளியேறினார். அந்த அலைச்சலுக்கு நடுவேதான் சிறுவன் சோழிகளை வாங்கி விற்று ஓரிரு காசு ஈட்டினான். அதைப் பாட்டியின் கையில் கொடுத்தபோது, பேரனின் முதல் சம்பாத்தியம் என்று அவள் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் வழங்கினாளாம். வணிகத்தில் அவர் கண்ட கலப்பற்ற மகிழ்ச்சி அநேகமாக அது ஒன்றுதான்.

1605இல் அக்பர் பாதுஷா மறைந்த செய்தி ஜௌன்பூரை எட்டியது. படிக்கட்டில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் அதைக் கேட்டதும் மயங்கி விழ, தலையில் அடிபட்டு இரத்தம் பெருகிற்று. நகரமே கதவடைத்தது. செல்வர்கள் நகைகளைப் புதைத்து, முரட்டுத் துணி உடுத்து ஏழைகள்போல் நடமாடினர். எந்தக் கொள்ளையும் நடக்கவில்லை, எந்தப் படையும் வரவில்லை. பத்து நாளுக்குப்பின் சலீம் அரியணை ஏறினார் என்ற மடல் வந்ததும் கடைகள் திறந்தன. வெளியே ஒன்றும் நிகழாமலே உள்ளுக்குள் எல்லாம் நிகழ்ந்துவிட்ட அந்தப் பத்து நாட்களை, ஏடு ஏடாகப் போர்களைச் சொல்லும் அரண்மனை வரலாறுகளைவிட இவ்வணிகரின் சில செய்யுட்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

இளமையில் அவருக்குக் கடையைவிடக் கவிதையில் நாட்டம் மிகுதி. மிகுந்த படிப்பு அந்தணருக்கும் பாணருக்கும் உரியது, வணிகன் மகன் கடையில் உட்கார வேண்டும் என்று பெரியோர் கடிந்துகொண்டனர். அவர் கேட்கவில்லை. காதற்சுவை மிக்க ஆயிரம் செய்யுட்களை எழுதினார். ஒருநாள் நண்பர்களுக்கு அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், இத்தனையும் பொய்யல்லவா என்று மனம் கலங்கி, ஏடுகளைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். மகன் திருந்தினான் என்று தந்தை மகிழ்ந்தார்.

அந்த நம்பிக்கையில், 1610இல், கரக்சேனர் முதல்முறையாக மகனிடம் முதலை ஒப்படைத்தார். மாணிக்கம், நீலம், மரகதம் முதலிய மணிகள், மணி பதித்த கடகங்கள், 20 மணங்கு நெய், எண்ணெய், ஜௌன்பூர்த் துணிகள் ஆகியவற்றை வண்டியில் ஏற்றி ஆக்ராவுக்கு அனுப்பினார். முதலில் ஒரு பகுதி கடனாகப் பெற்றது. வழியில் பெருமழை. ஆக்ராவில் நெய்யும் எண்ணெயும் மிகச் சொற்ப ஆதாயத்துக்குப் போயின. இடுப்புப் பட்டியில் செருகி வைத்த மணிகள் எங்கோ நழுவி விழுந்தன. துணியில் முடிந்து வைத்த மாணிக்கங்களை எலி இழுத்துச் சென்றது. கடகங்களை வாங்கியவர் நொடித்துப் போனார். பனாரசிதாசரைக் காய்ச்சல் பற்றியது. ஆக்ராவிலிருந்து வந்த மடலால் செய்தி அறிந்த தந்தை, உன் மகன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டான் என்று மனைவியிடம் புலம்பினார்.

இந்த இழப்புகளை அவர் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. மழையையும் எலியையும் நொடித்தவரையும் அவர் மறைக்கவில்லை, ஆயினும் அவற்றின்மேல் பழியைச் சுமத்திவிட்டு விலகவும் இல்லை. வணிகம் தெரியாதவன் கையில் முதல் சேர்ந்தது என்பதே அவர் கணக்கு. தோல்வியடைந்த வணிகன் ஊழைச் சொல்வான், அல்லது பிறரைச் சொல்வான். தன்னைச் சொல்வது அரிது.

கையில் இருந்தது ஒவ்வொன்றாக விற்றுத் தீர்ந்தது. கடைவீதிக்குப் போகவே கால் கூசிற்று. பகலில் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். இரவில் ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ ஆகிய காதைகளைப் பாடுவார். பத்திருபது பேர் வந்து கேட்பார்கள். எந்தப் படிப்பு சோறு போடாது என்று பெரியோர் சொன்னார்களோ, அந்தப் படிப்புதான் அந்நாட்களில் அவரை மனிதர்களோடு சேர்த்து வைத்திருந்தது. கேட்க வந்தவர்களுள் ஒருவர் கசோரி விற்பவர். அவரிடம் நாள்தோறும் கடனுக்கு வாங்கி உண்ட பனாரசிதாசர், ஒருநாள் தனியே அழைத்து, தம்மிடம் பணம் ஏதும் இல்லை, இனிக் கடன் தரவேண்டாம் என்று உண்மையைச் சொன்னார். கசோரிக் கடைக்காரரோ, 20 ரூபாய் வரை உண்ணுங்கள், நான் கேட்கமாட்டேன் என்றார். ஆறேழு மாதம் கடன் ஓடிற்று. பின்னர் ஒரு கூட்டு வணிகத்தில் சேர்ந்து கையில் பொருள் வந்ததும் கணக்குப் பார்த்தார்கள். 14 ரூபாய் ஆயிற்று. கொடுத்துத் தீர்த்தார். நூல் முழுவதிலும் பெருஞ்செல்வர் பலர் வந்து போகின்றனர். அவர்களுள் எவரும் அந்தக் கசோரிக் கடைக்காரர் அளவுக்குப் படிப்பவர் நெஞ்சில் நிற்பதில்லை.

அக்கூட்டு வணிகம் 500 ரூபாய் முதலில் தொடங்கியது. கூட்டாளி தரம்தாசர். இருவரும் சந்தை சந்தையாக அலைந்து மணியும் முத்தும் வாங்கி விற்றனர். இரண்டாண்டு கழித்துப் பிரிந்தபோது பார்த்தால், வந்த ஆதாயமும் உண்ட செலவும் சரிக்குச் சரி. இரண்டாண்டு உழைப்புக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

வெறுங்கையோடு அவர் கைராபாத்தில் உள்ள மாமனார் வீட்டுக்குச் சென்றார். இரவில் மனைவி ஆக்ராவின் நிலைமையைக் கேட்டாள். முதலில் பொய்யாக ஏதோ சொல்லி மழுப்பினார். அவள் நம்பவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவும் இல்லை, கடியவும் இல்லை. தான் சேர்த்து வைத்திருந்த 20 ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்து, ஆள் உயிரோடிருந்தால் எல்லாம் வந்து சேரும் என்னும் கருத்துப்படத் தேற்றினாள். பின்னர்த் தாயிடம் சென்று, உள்ளூரப் பெரும் வெட்கத்தில் இருக்கிறார், பொருள் இல்லாமல் போனால் ஓடிவிடுவார் என்று சொல்லி, யாரும் அறியாமல் 200 ரூபாய் பெற்று வந்தாள். அப்பெண்ணின் பெயரை நூல் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் அவள் பேறுகாலத்தில் மறைந்தாள். பனாரசிதாசருக்கு அதன்பின் இரண்டு மனைவியர் வாய்த்தனர். ஆனால் கணவனின் இழப்பைவிட அவன் வெட்கமே பெரிய நோய் என்று கண்டவளாக நூலில் நிற்பவள் இவள் ஒருத்தியே.

அந்த முதலோடு மீண்டும் ஆக்ரா. துணி விலை விழுந்து கிடந்தது. இனித் துணி வணிகமே வேண்டாம் என்று வெறுத்தார். ஆயினும் இம்முறை நரோத்தமதாசர் என்னும் உற்ற நண்பர் கிடைத்தார். இருவரும் சபல்சிங் என்னும் செல்வரின் முதலைக்கொண்டு கிழக்கே பாட்னா வரை சென்று வணிகம் செய்தனர். வழிகள் ஆபத்து நிறைந்தவை. ஒருமுறை வழிதவறித் திருடர்களின் சிற்றூருக்குள் புகுந்துவிட்டார் பனாரசிதாசர். இளமையில் கற்ற சுலோகம் ஒன்றைச் சொல்லித் தலைவனை வாழ்த்தி, அந்தணர் என்று பெயர் பண்ணி, இரவோடு இரவாக ஆடையின் நூலைத் திரித்துப் பூணூலாக்கி, மண்ணைக் குழைத்துத் திலகமிட்டு, உயிர்தப்பினார். வணிகனுக்கு வேண்டாத படிப்பு மறுபடியும் உதவிய இடம்.

திருடர்களிடம் ஒரே இரவில் தப்பியவருக்குச் செல்வரிடம் கணக்கை முடிக்க மாதங்கள் ஆயின. ஆட்டமும் பாட்டுமாகச் சபை நடத்திய சபல்சிங்கின் வாசலில் அவர் நாள்தோறும் காத்திருந்தார். நாளை பார்க்கலாம் என்பதே விடை. செல்வம் உள்ளவனுக்கு நேரம் எப்படிப் போகிறது என்பதே தெரியாது என்ற அவர் கசப்பில் பொறாமை கொஞ்சமும் கலந்திருக்கிறது. அவர் அதை ஒளிக்கவும் இல்லை. நடுவர் ஒருவரின் துணையால் ஒருவாறு கணக்கு முடிந்தது. நரோத்தமதாசரோ இளமையிலேயே மறைந்தார்.

1623இல் நண்பர் ஒருவர் அவர் கையில் ‘சமயசாரம்’ நூலை, ராஜமல்லரின் எளிய உரையுடன் கொடுத்தார். தமிழ்ச் சமணர் மரபில் பொன்னூர் மலையில் தவமியற்றியவராகப் போற்றப்படும் ஸ்ரீ குந்தகுந்தாசாரியரின் நூல் அது. பனாரசிதாசர் அதைத் தனியே படித்தார், பிழையாகவும் படித்தார். ஆன்மா தூயது, வினைக்கு அப்பாற்பட்டது என்னும் நிச்சய நயத்தை மட்டும் பற்றிக்கொண்டு, விவகார நயத்தைக் கைவிட்டார். பூசையும் நோன்பும் பயனற்றவை என்றார். நண்பர் மூவரோடு அறைக்குள் ஆடை களைந்து, தாமும் முனிவரே என்று கூத்தாடினார். ஊர் நகைத்தது. விவகாரம் என்ற சொல் வடநாட்டு வணிகர் வழக்கில் கொடுக்கல் வாங்கலையும் குறிக்கும். வாழ்நாள் முழுதும் அந்த விவகாரத்தில் அடிபட்ட ஒருவர், அது இல்லாத ஓர் உலகத்தைக் கண்டதும் அங்கே ஓடி ஒளிந்தார் எனக் கொள்வது பொருந்தும்.

பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1635இல் ரூப்சந்த் பாண்டே என்னும் அறிஞர் ஆக்ராவுக்கு வந்து, நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் ‘கோமட்டசார’த்தை விளக்கினார். பதினான்கு குணஸ்தானங்களையும், அந்தந்தப் படியில் நிற்போர்க்கு உரிய ஒழுக்கத்தையும் கேட்டபோது அவர் மயக்கம் தெளிந்தது. இல்லறத்தான் இல்லறத்தானாகவே நின்று ஏறவேண்டிய படிகள் உண்டு என்பது அவருக்குப் புலனாயிற்று. அடுத்த ஆண்டு ‘சமயசார நாடக’த்தை இயற்றினார். வட இந்தியத் திகம்பர இல்லங்களில் இன்றும் ஓதப்படுவது அந்நூல்.

இந்தக் கல்வியோடுதான் அவர் தம் பாதிக் கதையின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் எண்ணிப் பார்க்கிறார். அதற்குள் ஒன்பது குழந்தைகள் பிறந்து ஒன்பதும் இறந்திருந்தன. குரோதம், மானம், மாயை மூன்றும் தம்மிடம் நீர்மேல் கிழித்த கோடு போன்றவை என்கிறார். கல்லில் கோடு, மண்ணில் கோடு, புழுதியில் கோடு, நீரில் கோடு என்று கஷாயங்களை வகுக்கும் சித்தாந்தத்தில் கடைசியானது மிக மெல்லியது. இல்லறத்தாருக்கு இது சற்றுத் தாராளமான மதிப்பீடுதான். ஆனால் நான்காவது கஷாயமாகிய லோபத்துக்கு அந்தச் சலுகையை அவர் தரவில்லை. திருமகள்மேல் உள்ள மோகம் தம்மிடம் மிகுதி என்று ஒப்புக்கொள்கிறார். சிறிய ஆதாயம் வந்தால் பெருமகிழ்ச்சி, சிறிய நட்டம் வந்தால் பெருங்கவலை என்கிறார். தனியே இருக்கையில் ஆடுவதையும், காரணமின்றித் திடீரென அஞ்சுவதையும்கூடப் பட்டியலில் சேர்க்கிறார்.

‘கோமட்டசாரம்’ பத்தாவது குணஸ்தானத்தை விளக்க ஓர் உவமை சொல்லும். குசும்பப்பூச் சாயம் தோய்த்த துணியை எத்தனை முறை அலசினாலும் மெல்லிய சிவப்பு ஒன்று நிற்கும். ஏனைய கஷாயங்கள் யாவும் அடங்கிய முனிவரிடத்தும் அப்படியே நுண்ணிய லோபம் நிற்கும். சித்தாந்தம் பயில்வோர்க்கு அது உவமை. ஜௌன்பூர்த் துணியை மூட்டையாகக் கட்டி ஆக்ராவின் சந்தையில் விலை கேட்டு நின்றவருக்கு அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று விளக்கவேண்டியிருந்திராது.

மனிதரை அவர் மூவகையாகப் பிரித்து, தம் குணத்தையும் குற்றத்தையும் பிறர் குணத்தையும் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்பவன் நடுத்தரமானவன் என்று கூறி, தம்மை அந்த வகையில் வைத்துக்கொண்டார். மீதிப் பாதி எழுதப்படவில்லை. நூல் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அவர் காலமானார்.