மஞ்சள் வழக்குல நாம ஜெயிச்சது என்ன?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "சுகர் புண்ணுக்கு மஞ்சள் வைக்கலாமா? அதுக்குத்தான் அமெரிக்கா பேட்டன்ட்டே கொடுத்துச்சாமே?" இன்னிக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

1995 மார்ச். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வேலை பார்த்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு பேருடைய விண்ணப்பத்துக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கிடைக்கிறது. எண் 5,401,504. புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்குத்தான் அந்த உரிமை. நம்ம ஊர்ல முட்டியில அடிபட்டா அம்மா முதல்ல தேடுற டப்பா அது!

"இது எங்க பாட்டி காலத்து வைத்தியம்"னு சொன்னா போதாதா? போதாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் மக்கள் ஒன்றை வழிவழியாகப் பயன்படுத்துவது மட்டுமே சான்றாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். பாட்டி சொன்னது கணக்கில் வராது. பாட்டி சொன்னதை யாராவது எழுதி வெளியிட்டிருந்தால் வரும்.

அதனால், மஷேல்கர் தலைமையிலிருந்த சிஎஸ்ஐஆர், அதாவது மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், நூலகங்களுக்குள் புகுந்து தேடியது. சம்ஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உட்பட 32 சான்றுகள் கிடைத்தன. அதில் ஒன்று, 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை. 1996-ல் மறு ஆய்வு கேட்டார்கள். 1997 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் இந்தியா பக்கம் தீர்ப்பு சொன்னது.

இதுக்கு அப்புறம் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கியது. நம்ம தமிழ் சித்த மருத்துவ நூல்களும் அதுல இருக்கு. வெளிநாட்டு பேட்டன்ட் அதிகாரிகள் தேடிப் பார்க்க வசதியாக ஆங்கிலம், ஜப்பானியம் மாதிரி மொழிகளில் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். பேட்டன்ட் அலுவலகம் கேட்டது ஒரே கேள்வி: "இது புதுசா?" அதுக்கு விடை, இல்லை. "சுகர்காரரின் காலில் சீழ் பிடித்த புண்ணை இது ஆற்றுமா?" என்று அங்கே யாரும் தீர்ப்பு சொல்லவில்லை.

அது வேற மாதிரி புண். சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் நரம்பு மரத்துப்போகும், ரத்த ஓட்டம் குறையும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் தளரும். என் பெரியப்பாவுக்குச் செருப்பு கடிச்சது தெரியவே இல்லை. வீட்டில் மஞ்சள் பத்து போட்டார்கள். வலியே இல்லாததால் "ஆறிட்டு வருது"ன்னு எல்லாரும் நம்பினோம். உள்ளே தொற்று எலும்பு வரை போய், கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் வீக்கத்தைக் குறைக்கிறது. சர்க்கரை நோயுள்ள எலிகளின் புண்ணிலும் நல்ல பலன் காட்டியிருக்கிறது. மனிதர்களிடம் பெரிய அளவில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதுவரை வழி இதுதான்: அழுகிய சதையை மருத்துவர் அகற்றணும், தொற்றுக்கு மருந்து வேணும், பாதத்தில் அழுத்தம் விழக்கூடாது, ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்கணும், சர்க்கரை கட்டுக்குள் வரணும்.

1997-ல் நாம ஜெயிச்சது, மஞ்சளை யாரும் தனி உடைமை ஆக்க முடியாதுங்கிற உரிமையை. அந்தத் தீர்ப்பை மருந்துச் சீட்டா படிக்காதீங்க. வீட்டில் சுகர் உள்ளவங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.