இரவல் அலங்காரம்

சொல்வதற்கு ஏதோ ஒன்றை உடையவனாகவும், அதைச் சொல்லும் ஏட்டுக்குப் பிரத்தியேகமான தோற்றம் ஒன்றை அமைத்துக்கொள்ளக் கைப்பணம் இல்லாதவனாகவும் இருக்கும் எழுத்தாளன், பிறர் செய்து வைத்த அலங்காரங்களுக்குள் தனக்கு இசைந்த ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்வது, கம்ப்யூட்டர் காலத்தில் திடீரென்று முளைத்த வழக்கம் அன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அச்சுக்கூடங்கள் பெருகிய நாளிலிருந்தே அது இருந்து வருகிறது. புதுக்கோட்டையில் அதன் முதற்பாகத்தையும் பிற்பாகத்தையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்கும் சௌகரியம் நமக்குக் கிடைக்கிறது.

தொண்டைமான்களின் சமஸ்தானமாக அவ்வூர் இருந்த காலத்தில், ஸ்ரீ பிரகதாம்பாளின் பெயரைத் தாங்கிய ஸ்டேட் பிரஸ் அங்கே நடந்தது. நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் முதலிய இடங்களிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்களின் வாசகங்களைத் திரட்டி 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டதும், கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேட்டை 1938 முதல் 1944 வரை பாகம் பாகமாகப் பிரசுரித்ததும் அந்த அச்சகத்தின் கீர்த்திக்குரிய காரியங்கள். காகிதமும் எழுத்தும் ஆட்களும் தன்னுடையனவாக இருந்த அரசாங்கத்துக்குத் தோற்றத்தைப் பற்றிய கவலை பெரிதாக இருந்திராது. வாசகர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சாசனம் சாசனமே அல்லவா!

கவலை இருந்தது தனி மனிதருக்குத்தான். 1940-களில் புதுக்கோட்டையிலிருந்து ‘திருமகள்’ என்ற பத்திரிகை வந்தது. சிறுகூடற்பட்டியில் பிறந்து, வேலை தேடி அலைந்துகொண்டிருந்த முத்தையா என்னும் இளைஞர், பின்னாளில் கண்ணதாசன் என்று நாடறிந்தவர், அதில் ஆசிரியராக அமர்ந்தே பத்திரிகைத் தொழிலில் காலூன்றினார். 1947-இல் முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் தொடங்கிய ‘பொன்னி’ அதே ஊரிலிருந்து புறப்பட்டு, பாரதிதாசன் பரம்பரை என்னும் வரிசையில் இளங்கவிஞர் பலரை அறிமுகப்படுத்திற்று. முருகு சுப்பிரமணியன் பிற்பாடு மலாயாவுக்குச் சென்று ‘தமிழ் நேச’னின் ஆசிரியரானார். பெரிய முதல் இல்லாமல் நடந்த இத்தகைய ஏடுகளுக்கு எழுத்துச் செல்வம் ஏராளமாக இருந்தது. அதைப் பொதிந்து தரும் தோற்றத்துக்கோ அவை அச்சகத்தின் கையிருப்பையே நம்பின.

அந்தக் கையிருப்பு எத்தகையது என்பதை, ஈய எழுத்தின் வாசனை அறியாத இக்காலத்து வாசகருக்குச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். பழைய சிறு அச்சகத்தில், சாய்வான மேசைகளின்மேல் அறை அறையாகப் பிரித்த பெட்டிகளில் எழுத்துகள் கிடக்கும். கம்பாசிட்டர் இடக்கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்து, ‘கொ’ என்று கோக்க வேண்டுமானால் கொம்பை ஓர் அறையிலிருந்தும், ககரத்தை மற்றோர் அறையிலிருந்தும், காலை இன்னோர் அறையிலிருந்துமாக மூன்று துண்டுகளை எடுத்து ஒட்டி நிறுத்துவார். மூன்றும் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கின்றனவா என்பதைப் பார்ப்பது அவருடைய கட்டை விரல். அந்த எழுத்தின் வடிவத்தை அவரும் தேர்ந்தவர் அல்லர், அச்சக முதலாளியும் தேர்ந்தவர் அல்லர். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பவர் மேற்பார்வையில் செதுக்கப்பட்டு, 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியில் பெருமை பெற்ற சிற்றெழுத்தைப் போன்ற முயற்சிகளுக்குப் பிறகு, வார்ப்படச் சாலைகள் எதை வார்த்து விற்றனவோ அதுவே வெளியூர்களின் எழுத்தாயிற்று.

எழுத்துக்கு அடுத்தபடி அலங்காரச் சாமான்கள். பூ பார்டர், சங்கிலி பார்டர், பித்தளை ரூல், நட்சத்திரம், பிள்ளையார் பிளாக், கஜலக்ஷ்மி பிளாக், குத்துவிளக்கு, வாழை மரம், பூரண கும்பம் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக அடித்து வைத்திருப்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவரும், கோயில் திருவிழா நோட்டீசுக்கு வந்தவரும், கவிதைத் தொகுதிக்கு வந்தவரும் அந்த ஒரே தாளைத்தான் புரட்ட வேண்டும். அச்சுக் கூலியோடு சேர்ந்ததாகையால் பூவுக்குத் தனி விலை கிடையாது. இலவசம் என்ற உடனே மனம் எப்படி விரிகிறதோ, பக்கத்தின் நான்கு ஓரத்திலும் பூ, தலைப்பின்கீழ்ப் பூ, முடிவில் பூ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் பலர். பத்திரிகை நடத்துகிறவருக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: பெயரை ஓர் ஓவியரைக் கொண்டு எழுதுவித்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்துகொண்டால், அந்த ஒரு செலவு பல இதழ்களுக்குக் காணும். ஆகவே நம் சிற்றேடுகளின் முகத்தில் தலைப்பு மட்டும் சொந்தம். மற்றதெல்லாம் அச்சகத்து இரவல். என் அபிப்பிராயத்தில், அந்தப் பூக்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒற்றை ரூலோடும் தாராளமான வெற்றிடத்தோடும் நின்றவையே இன்று எடுத்துப் படிக்கும்போது கண்ணுக்கு மூப்பு எய்தாதவையாக இருக்கின்றன.

ஆப்செட் அச்சும், பிறகு கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் முறையும் வந்தபோது ஈயப் பெட்டிகள் எடைக்குப் போயின. பூ பார்டர் மட்டும் போகவில்லை. மென்பொருளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதன் பிற்பாகம் புதுக்கோட்டைக்கு வெகு தூரத்தில் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் பைரா லாப்ஸ் என்ற சிறு ஸ்தாபனம் 1999-இல் தொடங்கிய, வலைப்பூ என்னும் சொந்த இணைய ஏடு நடத்துவதற்கான பிளாக்கர் சேவையை 2003-இல் கூகுள் வாங்கியது. அடுத்த ஆண்டில், பெயர் பெற்ற வடிவமைப்பாளர் சிலரைக் கொண்டு தயாரித்த டெம்ப்ளேட்டுகளை, அதாவது ஆயத்தத் தோற்றங்களை, யார் வேண்டுமாயினும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று அது வரிசையாக வைத்தது. வேர்ட்பிரஸ் என்னும் மற்றொரு சேவை 2005-இல் தன் 1.5-ஆம் பதிப்பில், எழுதியதைத் தொடாமலே தோற்றத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் ‘தீம்’ ஏற்பாட்டைப் புகுத்தியது. தமிழர் 2003 முதலே வலைப்பூ எழுதத் தொடங்கிவிட்டனர். 2004-இல் காசி ஆறுமுகம் அமைத்த தமிழ்மணம் என்னும் திரட்டி, சிதறிக் கிடந்த அப்பூக்களை ஒரே இடத்தில் காட்டிற்று. அதில் சேர டெம்ப்ளேட்டுக்குள் சில வரிக் கட்டளைகளை ஒட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒட்டுவதற்காக அதைத் திறந்தபோதுதான், தாம் தேர்ந்த அழகின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தமிழாசிரியர்களும் வங்கி ஊழியர்களும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பார்த்ததில் தமிழுக்கென்று ஒன்றும் இல்லை. வெள்ளைப் பின்னணியும் மெல்லிய கோடுகளுமாக, அவ்வடிவமைப்பாளருள் ஒருவரான டக்ளஸ் போமன் அமைத்த ‘மினிமா’வை எடுத்துக்கொள்வோம், வரிசையில் இருந்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்பது என் துணிபு. அதன் தலைப்பு, ஆங்கிலப் பேரெழுத்துகளை அகல அகலமாக நிறுத்தி அழகு காட்டும்படி அமைந்தது. தமிழில் பேரெழுத்து ஏது? அகலப்படுத்தும் கட்டளையோ, சில உலாவிகளில் கொம்பை மெய்யினின்று பிரித்து எட்ட நிறுத்திவிட்டது. அக்காலத்து ஃபயர்பாக்ஸில், வரிகளை இருபுறமும் சமப்படுத்தும் கட்டளை இருந்தாலும் இதே கதிதான்: ‘கொடி’ என்று எழுதியவர் பக்கத்தில் கொம்பு ஒரு புறமும் ககரம் ஒரு புறமுமாகக் கிடந்தன. 2008-இல் வந்த அவ்வுலாவியின் மூன்றாம் பதிப்பு வரை, அக்கட்டளையை நீக்கிவிடுங்கள் என்று பதிவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தனர். கம்பாசிட்டரின் கட்டை விரல் பார்த்துக்கொண்ட வேலையைப் பார்க்க ஆள் இல்லாமற் போனதன் விளைவு அது.

போதாக்குறைக்கு எழுத்துருச் சங்கடமும் இருந்தது. டெம்ப்ளேட் ‘ஜார்ஜியா’ என்ற எழுத்துருவைக் கோரும். அதில் தமிழ் இல்லையாதலால் விண்டோஸ் எக்ஸ்பி தன்னிடம் இருந்த ‘லதா’வைக் கொண்டுவந்து, ஆங்கிலத்துக்குப் போதுமான சிறு அளவில் அடுக்கிவிடும். விண்டோஸ் 98 வைத்திருந்த வாசகருக்கு அதுவும் இல்லை, வெறும் கட்டங்களே. இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் அதிராம்பட்டினத்து உமர்தம்பியை மறக்கலாகாது. அவர் இலவசமாக வழங்கிய ‘தேனீ’ எழுத்துருவையும், பக்கத்தோடு தானே இறங்கி வரும் அதன் வகையையும் பதிவர் பலர் தம் டெம்ப்ளேட்டுகளில் பொருத்திக்கொண்டார்கள். 2006-இல் அவர் காலமானார். நல்ல தோற்றத்தைத் தேர்வது என்று தமிழ்ப் பதிவர் அந்நாளில் பேசியதன் பொருள், வண்ணத்தைத் தேர்வதன்று. எழுத்து உடையாமல் நிற்கும் இடத்தைத் தேடுவது.

இலவசத்திலும் பல ஜாதி உண்டு. வேர்ட்பிரஸ் கடைப்பிடித்த ஜிபிஎல் உரிமம், எடுத்தவர் உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்று எழுத்துமூலம் உத்தரவாதம் கொடுத்தது. இதற்கு மாறாக, இணையத்தில் எங்கெங்கோ கிடைத்த டெம்ப்ளேட்டுகள் சிலவற்றின் அடியில், செய்தவரின் விளம்பர இணைப்பு புரியாத குறியீட்டில் புதைந்திருக்கும். இனாமாகத் தரும் காலண்டரில் கடைப் பெயர் இருப்பதை யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் பெயரைக் கிழித்தால் காலண்டர் முழுவதும் கிழிந்துபோகும்படி செய்வதை என்னவென்று சொல்வது? அவ்விணைப்பை நீக்கியவுடன் வாசகரை வேறு தளத்துக்குத் தள்ளிவிடும்படி அமைந்தவையும் அவற்றுள் உண்டு.

இந்த அனுபவங்களெல்லாம் திரண்ட பிறகே புதுக்கோட்டை வலையுலகத்தில் தலைமை இடத்துக்கு வந்தது. கவிஞரும் தமிழாசிரியருமான நா. முத்துநிலவன், ‘வளரும் கவிதை’ என்ற தம் வலைப்பூவை நடத்தியதோடு நில்லாமல், கணினித் தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் ஊர் நண்பர்களைத் திரட்டினார். ஆசிரியர் பலர் பயிற்சி முகாம்களில் உட்கார்ந்து தமக்கென வலைப்பூ தொடங்கக் கற்றுக்கொண்டனர். சென்னையிலும் மதுரையிலும் முன்னர் நடந்த பதிவர் திருவிழா, 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் நடந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு கூடிப் போட்டிகள் நடத்தப்பட்டன. பதிவர்களின் விவரங்களைத் தொகுத்த கையேடு ஒன்றும் அச்சில் வந்தது. வலைப்பூக்களைப் பற்றிய விவரம் காகிதத்தில் தொகுக்கப்பட வேண்டியிருந்ததில் விந்தை ஏதும் இல்லை, காரணம் பின்னால் தெரியும்.

அக்காலத்து வலைப்பூக்களைத் திறந்து பார்த்தவர்கள், பழைய அச்சகத்துப் பூ பார்டர் மறுபிறவி எடுத்திருந்ததைக் கண்டிருப்பார்கள். ஓடும் எழுத்து, சுழலும் கடிகாரம், திறந்தவுடன் ஒலிக்கும் பாட்டு, வருகையாளர் எண்ணிக்கைப் பெட்டி, வெயில் காயும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் விடாமல் உதிரும் பனி! அழகுணர்ச்சி குறைந்தவர் என்று இவர்களை நகையாட எனக்கு மனம் வரவில்லை. சொந்தமாக எழுதி, சொந்தமாகவே பிரசுரிக்கும் வாய்ப்பு முதன்முதலாகக் கிட்டியவர், கிடைத்த நகையையெல்லாம் பூட்டிப் பார்ப்பது இயல்பு. ஆயினும் படிக்க வந்தவரின் கண் நகையில் மோதி எழுத்துக்குப் போய்ச் சேராதிருந்தது என்பதையும் மறைக்க இயலாது.

இரு காலங்களுக்கும் உள்ள பேதம் ஒன்று சரித்திரம் எழுதுகிறவனை வருத்துவது. புதுக்கோட்டையிலேயே, பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் கட்டிக்காத்த ஞானாலயா நூலகத்தில் பழைய ஏடுகள் சேகரமாக இருக்கின்றன. அவ்வாறு காப்பாற்றப்பட்ட இதழ் எதுவாயினும், வெளிவந்த நாளில் எந்தப் பூவோடும் எந்த எழுத்தோடும் வந்ததோ அதே கோலத்தில்தான் கைக்கு வரும். வலைப்பூவிலோ டெம்ப்ளேட்டை மாற்றிய மறுகணமே பழைய பதிவுகள் அனைத்தும் புதிய கோலம் பூண்டுவிடுகின்றன. 2017-இல் பிளாக்கர் புதிதாகத் தந்த தோற்றங்களுள் ஒன்றுக்கு மாறியவரின் 2006-ஆம் ஆண்டுப் பதிவும், நேற்றுப் பிறந்ததுபோல் அந்தக் கோலத்திலேயே காட்சி தரும். முன்னை வடிவத்தைக் காண இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் சேமிப்பகத்தைத்தான் நாட வேண்டும். அங்கும் எல்லாப் பக்கங்களும் அகப்படுவதில்லை, அகப்பட்டவற்றிலும் படங்கள் பல உதிர்ந்திருக்கும். அகப்பட்ட பக்கம் மினிமாவாக இருந்தால், அதன் மூலக் கட்டளைகளின் உச்சியில், வடிவத்தின் பெயரும், டக்ளஸ் போமன் என்று செய்தவரின் பெயரும், 26 பிப்ரவரி 2004 என்ற தேதியும் இருக்கக் காணலாம். பூ பார்டரை வார்த்தவர் இன்னார் என்று எந்த அச்சகத்து மாதிரித் தாளும் குறித்து வைத்ததில்லை.