பதிவேட்டில் ஒரு பெயர்

நெய்வேலிக்கும் ருஷ்யாவுக்கும் உறவு பழையது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது தலைகாட்டிய கரியை மின்சாரமாக்க, 1962இல் முதல் அனல் நிலையம் இயங்கத் தொடங்கியது சோவியத் உதவியால்தான். அங்கே வேலை பார்த்த என் நண்பர் தம் பையனையும் ருஷ்யாவுக்கே டாக்டர் படிப்புக்கு அனுப்பினார். பையன் படித்தான், திரும்பி வந்து இங்கத்தியப் பரீட்சையிலும் தேறினான். ஆனாலும் இன்னும் டாக்டராகவில்லை. அவன் விண்ணப்பம் எங்கோ ஓர் அலுவலகத்தில், எங்கிருந்தோ வரவேண்டிய ஒரு கடிதத்துக்காகக் காத்துக் கிடக்கிறது.

"கோர்ட்டுக்குப் போனா கிடைச்சிடுமா சார்?" என்று வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

நான் கதை எழுதுகிறவன், வக்கீல் அல்ல. ஆனால் இந்தப் பதிவேட்டின் கதை எனக்குத் தெரியும். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட அதே 1914இல்தான் சென்னை மாகாணத்தின் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1930இல் லண்டன் ஜெனரல் மெடிகல் கவுன்சில் இந்தியப் பட்டங்களை ஏற்க மறுத்தது. நம்மவர்களுக்குச் சுருக்கென்றது, 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. அன்று லண்டன் நம்மைச் சந்தேகித்தது. 2002 முதல் அயல்நாட்டில் படித்து வருகிறவர்களுக்கு நாம் தனிப் பரீட்சை வைக்கிறோம். பழைய கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது 2020 செப்டம்பரில். நெய்வேலியின் அந்த முதல் அனல் நிலையம் மூடப்பட்டதும் அதே மாதம்தான்!

நண்பருக்கு வேண்டியது வழக்கு. அதையும் சொன்னேன். கொரோனாவால் சீனாவிலிருந்து திரும்பி, ஆஸ்பத்திரிப் பயிற்சியைக் கணினித் திரையில் முடித்த தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. கூடுதலாக 2 மாதப் பயிற்சி போதும் என்றது சென்னை உயர்நீதிமன்றம். 2022 ஏப்ரல் 29 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளியைத் தொடாமல் மருத்துவராக முடியாது என்றது. ஆனால் மாணவர்களைக் கைவிடவும் இல்லை. 2 மாதத்துக்குள் ஒரு வழி வகுக்கும்படி ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஆணையம் வகுத்த வழி, ஓராண்டுப் பயிற்சிக்குப் பதில் இரண்டாண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை சொல்லத் தோன்றவில்லை. நாளை என் நாடியைப் பிடிக்கப் போகிறவர் அவர்தானே!

"நம்ம பையன் நேரில்தானே படிச்சான்?"

"அதனால்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் எழுத்தில் ஒரு முறையீடு, பதிவுத் தபாலில். பதில் இல்லையென்றால் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. 'கொடு' என்று நீதிமன்றம் சாதாரணமாகச் சொல்லாது. 'இத்தனை வாரத்துக்குள் முடிவைச் சொல்' என்று சொல்லும்."

"முடிவு 'இல்லை'ன்னா?"

"காரணத்தோடு சொல்லவேண்டும். அதை எதிர்த்து மறுபடி போகலாம்."

நண்பர் விரல்விட்டு எண்ணினார். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உள்ளே எழுந்து போய், பையனிடம் விண்ணப்ப ரசீதைத் தேடச் சொன்னார்.