விவசாயி என்ற சொல் அடிமையாகிப்போன கதை

இன்று ஒரு சொல்லின் வரலாறு.

நோர்வே மொழியில் விவசாயியைக் குறிக்கும் சொல்லை 'பொண்டெ' என்று எழுதுவார்கள். பேசும்போது நடுவிலுள்ள 'ட' ஒலிக்காது, 'புன்ன' என்பதுபோல் கேட்கும். பழைய நோர்ஸ் மொழியில் 'பூஆ' என்றால் குடியிருத்தல். அதிலிருந்து வந்த 'பூஆந்தி' சுருங்கி 'போந்தி' ஆனது. பொருள்: குடியிருப்பவன். நம்முடைய 'குடியானவன்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஏரும் இல்லை, நெல்லும் இல்லை; குடிதான் இருக்கிறது.

வைக்கிங் மக்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது இச்சொல்லும் கூடவே போனது. 'ஹூஸ்' என்றால் வீடு. வீட்டோடு குடியிருப்பவன் 'ஹூஸ்போந்தி'. இன்று கணவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஹஸ்பண்ட்' அதுதான்.

1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். காணிகள் பிரபுக்களின் கைக்குப் போயின. சுதந்திரமாக இருந்த குடியானவர்கள் பலர் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டவர்களானார்கள். ஆள் தாழ்ந்ததும் அவனைக் குறித்த சொல்லும் தாழ்ந்தது. அடிமைத்தனத்தைச் சொல்லும் 'பொண்டேஜ்' இதே வேரிலிருந்து வந்ததுதான். கட்டு என்று பொருள்படும் 'பொண்ட்' என்ற வேறொரு சொல்லோடு கலந்ததால், பழைய பொருள் முற்றாக மறைந்துபோனது.

நோர்வேயில் நடந்தது வேறு. அங்கே பண்ணையடிமை முறை வேரூன்றவில்லை. பரம்பரைக் காணியை மீட்டெடுக்கும் 'ஓடெல்' உரிமை குடும்பங்களுக்கு இருந்தது. 1814 அரசியலமைப்பு அந்த உரிமையைக் காத்ததோடு, காணியுள்ள விவசாயிக்கு வாக்கும் கொடுத்தது. 1832 தேர்தலில் விவசாயிகள் பெருமளவில் பாராளுமன்றம் போனார்கள். ஆனால் அடுத்தவர் காணியில் குடிசை போட்டு, உழைப்பையே வாடகையாகக் கொடுத்த 'ஹூஸ்மன்' என்பவருக்கு அந்த வாக்கு இல்லை. ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது 1898 இல்தான்.

இச்சொல்லின் உறவினர் ஒருவர் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். ஒல்லாந்த மொழியில் விவசாயி 'பூர்'. அதுவும் அதே வேர்தான். 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து பிரித்தானியர் கைதிகளாகக் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்துவைத்த 'போயர்'கள் அந்தப் பெயருக்குரியவர்கள்தான்.

ஒரே வேர்தான். ஓரிடத்தில் வாக்காளன், ஓரிடத்தில் அடிமை. வித்தியாசம் சொல்லில் இல்லை, காணி உறுதி யார் கையில் இருந்தது என்பதில்தான்.

நம் ஊர் வயல் பக்கத்தில் போடியார், முல்லைக்காரர் என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னாலும் இப்படியொரு காணிக் கதை இருக்கும். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.